எலும்போடு வாங்குவதா, தனிக்கறியா? அமெரிக்க பார்பிக்யூவின் பன்றி சப்பைக்கறி: ருசி, நேரம், காசு... முழு விளக்கம்

ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி, சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லோரையும் கூப்பிட்டு பார்பிக்யூ போடும் நாள். அதற்கு முந்தின நாள் சூப்பர் மார்க்கெட்டின் கறிப் பிரிவில் நிற்கும் பலருக்கும் ஒரே குழப்பம்தான். ஒரே மாதிரி ரெண்டு பொட்டலம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டுமே பன்றியின் முன் சப்பைக்கறி. ஒன்று எலும்போடு இருக்கும், விலை கம்மி. இன்னொன்று எலும்பு எடுத்தது, வலைப்பையில் சுருட்டி வைத்திருப்பார்கள், விலை கொஞ்சம் கூடுதல்.

எதை எடுப்பது?

"எலும்பு இருந்தாத்தான் ருசி" என்பார் ஒருவர். "காசு கொடுத்து எலும்பை ஏன் சுமக்கணும்?" என்பார் இன்னொருவர். இது வெறும் வாய்ச்சண்டை மாதிரி தெரியலாம். ஆனால், இந்தக் கறி 10 மணி நேரத்துக்கு மேல் புகையில் வேக வேண்டியது. மதியம் 20 பேர் தட்டோடு நிற்கும்போது "இன்னும் மூணு மணி நேரம் ஆகும்" என்று சொல்ல நேர்ந்தால் நாளே பாழ். அவசரப்பட்டு பாதி வெந்ததைப் பரிமாறினால் ரப்பர் மாதிரி இழுக்கும். எலும்பா, தனிக்கறியா என்கிற முடிவு ருசியோடு நிற்காமல் நேரம், செலவு, பாதுகாப்பு எல்லாவற்றையும் தொடுகிறது.

பல பேர் நம்புவதுபோல எலும்பு கறிக்கு ருசி ஏற்றுகிறதா? இல்லையென்றால் அது அங்கே என்னதான் செய்கிறது? பார்ப்போம்.

இது எந்தக் கறி?

பன்றியின் முன்னங்கால் சப்பை முழுசாகப் பெரியது. அமெரிக்க கறிக்கடைகளில் அதை இரண்டாகப் பிரிப்பார்கள். மேல் பாதிக்கு 'பாஸ்டன் பட்' என்று பெயர். கீழ் பாதி, அதாவது முழங்காலை நோக்கி இறங்கும் பகுதி, 'பிக்னிக் ஷோல்டர்'.

'பட்' என்றதும் பின்பகுதி என்று நினைத்துவிட வேண்டாம். இது முழுக்க முழுக்க தோள் பக்கத்துக் கறி. பழைய காலத்தில் பாஸ்டன் பகுதியில் இந்தக் கறியைப் பீப்பாய்களில் அடைத்து அனுப்பினார்கள், அந்தப் பீப்பாயின் பெயரே கறிக்கும் ஒட்டிக்கொண்டது என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது.

பாஸ்டன் பட்டில் இருப்பது தட்டையான தோள்பட்டை எலும்பின் ஒரு பகுதி. கறிக்குள் அது ஒரு பக்கமாகப் புதைந்திருக்கும். துண்டின் எடை பொதுவாக 2.7 முதல் 4.5 கிலோ வரை இருக்கும். கொழுப்பு கறிக்குள் இழை இழையாக ஓடியிருக்கும். பார்பிக்யூக்குப் பெரும்பாலானோர் வாங்குவது இதைத்தான்.

பிக்னிக் ஷோல்டரில் இருப்பது உருண்டையான கை எலும்பு. தோலோடு விற்பது வழக்கம். ஜவ்வு அதிகம், விலை இன்னும் குறைவு.

அமெரிக்க வேளாண் துறை இறைச்சி வெட்டுகளுக்குத் தனித்தனி எண் கொடுத்து வைத்திருக்கிறது. எலும்போடு கூடிய பாஸ்டன் பட் 406. எலும்பு எடுத்தது 406ஏ. ஹோட்டல்காரர்கள் மொத்தமாக ஆர்டர் போடும்போது இந்த எண்ணைச் சொன்னாலே போதும். இந்தக் கட்டுரையில் பேசப்போவது இந்த இரண்டுக்கும் நடக்கும் போட்டியைத்தான்.

ஏன் இவ்வளவு நேரம் வேக வேண்டும்?

பன்றி நடக்கும்போதெல்லாம் உழைக்கும் இடம் தோள். உழைக்கும் தசையில் ஜவ்வு அதிகம் இருக்கும். அந்த ஜவ்வில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். அதிக சூட்டில் சட்டென்று வாட்டினால் கொலாஜன் இளகாது, கறி விறைத்துக்கொள்ளும். குறைந்த சூட்டில் பொறுமையாக வேகவைத்தால் அதே கொலாஜன் ஜெலட்டினாக மாறிவிடும். வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு போகும் அந்தப் பதம் ஜெலட்டினால் வருவதுதான்.

இதில் இரண்டு எண்கள் முக்கியம். பன்றிக்கறித் துண்டு 63 டிகிரி செல்சியஸ் உள்சூட்டை எட்டி, 3 நிமிடம் ஆறவிட்டால் சாப்பிடப் பாதுகாப்பானது என்கிறது அமெரிக்க வேளாண் துறை. முன்பு 71 டிகிரி என்று இருந்ததை 2011-ல்தான் 63 ஆகக் குறைத்தார்கள். ஆனால் 63 டிகிரியில் சப்பைக்கறியை எடுத்தால் பாதுகாப்பாக இருக்கும், மெல்ல முடியாது. கையால் பிய்த்தால் இழை இழையாக வரும் 'புல்டு போர்க்' பதம் வேண்டுமென்றால் உள்சூடு 90 முதல் 96 டிகிரி வரை போக வேண்டும்.

அடுப்பின் சூடு சுமார் 107 டிகிரி என்றால், ஒரு பவுண்டு கறிக்கு, அதாவது ஏறத்தாழ 450 கிராமுக்கு, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. 8 பவுண்டு துண்டு என்றால் 12 முதல் 16 மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

எலும்பு ருசி கொடுக்குமா?

இந்த விவாதத்தில் அதிகம் அடிபடும் கேள்வி இதுதான். 'எலும்பின் சத்து கறிக்குள் இறங்கும்' என்பது அமெரிக்காவிலும் பலரது நம்பிக்கை. நம்ம ஊரிலும் மட்டன் வாங்கும்போது "நல்லி எலும்பு ரெண்டு போடுங்க" என்று கேட்டு வாங்குகிறோம். அது சரிதான். ஆனால் அங்கே நடப்பது வேறு, இங்கே நடப்பது வேறு.

குழம்பில் தண்ணீர் இருக்கிறது. எலும்பை வெட்டித் துண்டாக்கித்தான் போடுகிறோம். வெட்டின வாய் வழியாக மஜ்ஜை கரைகிறது, எலும்பிலும் மூட்டிலும் உள்ள கொலாஜன் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரைத்தான் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறோம். அதனால் எலும்பின் ருசி நேராக நாக்குக்கு வந்துசேர்கிறது.

பார்பிக்யூவில் தண்ணீர் கிடையாது. உள்ளே இருப்பது தட்டையான தோள்பட்டை எலும்பு. நல்லி எலும்பு மாதிரி நடுவில் மஜ்ஜை நிறைந்த குழாய் இதில் இல்லை. வெளிப்புறம் கெட்டியான ஓடு. உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்ச சாறும் அந்த ஓட்டைத் தாண்டி வந்து கறி முழுக்கப் பரவ வழியில்லை. ஒட்டியிருக்கும் ஓரிரு மில்லிமீட்டர் கறியில் ஏதாவது தெரிந்தால் உண்டு. அதையும் கடைசியில் மொத்தமாகப் பிய்த்து, வெளிப்புறக் கறியோடு கலந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் புல்டு போர்க்கின் ருசி எங்கிருந்து வருகிறது? மேலே தடவும் உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், சர்க்கரை கலந்த மசாலா. ஹிக்கரி, ஓக், ஆப்பிள் மரக்கட்டைகளின் புகை. கறிக்குள் உருகும் கொழுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, பல மணி நேரம் புகையில் காய்ந்து கறுத்துப்போன மேல்தோல். பார்பிக்யூ பாஷையில் அதற்கு 'பார்க்', அதாவது மரப்பட்டை என்று பெயர். இந்த நான்கும் எலும்பு இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும்.

எலும்பு என்னதான் செய்கிறது?

ருசி கொடுக்கவில்லை என்பதால் எலும்பு வீண் என்று அர்த்தமில்லை. அதற்கு வேறு மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை, உருவம் கலையாமல் பிடித்துவைப்பது. சப்பைக்கறி ஒரே தசை கிடையாது. பல தசைகள் கொழுப்பாலும் ஜவ்வாலும் ஒட்டியிருக்கும் ஒரு கட்டு. வேக வேக ஜவ்வு உருகும், தசைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்கும். நடுவில் எலும்பு இருந்தால் அதை ஒட்டியே கறி நிற்கும். ஒரே கனமாக இருப்பதால் சீராக வேகும். ஓரம் காய்ந்து நடுப்பகுதி வேகாமல் போகும் தொல்லை குறைவு.

இரண்டாவது, கறி பதமானதை எலும்பே சொல்லிவிடும். சுற்றியுள்ள ஜவ்வு முழுசாக இளகிவிட்டால் எலும்பு தளர்ந்துவிடும். இடுக்கியால் பிடித்து லேசாகத் திருகினால், ஒட்டுக்கறி இல்லாமல் வெள்ளையாக உருவிக்கொண்டு வரும். இழுத்தும் வரவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். பழகிய கைகள் பல பேர் இந்த அடையாளத்தைத்தான் நம்புகிறார்கள்.

மூன்றாவது, கத்தி படாத கறி. எலும்பை எடுக்க வேண்டுமென்றால் கறியைக் கீறி, உள்ளே கத்தி விட்டுச் சுரண்ட வேண்டும். எலும்போடு இருக்கும் துண்டு அந்தக் காயம் இல்லாமல் முழுசாக வருகிறது. முதல்முறை செய்பவர்களிடம் பலர் எலும்போடு உள்ளதையே வாங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். தப்பு நடக்கும் வாய்ப்பு குறைவு.

தனிக்கறியின் பலம் என்ன, பலவீனம் என்ன?

பலவீனத்தை முதலில் பார்த்துவிடலாம். எலும்பு எடுத்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். வெட்டியவர் கை சுத்தமாக இருந்தால் ஒரே கீறலோடு போகும். அவசரத்தில் வெட்டினால் கறி தனித்தனி மடலாகத் தொங்கும். அப்படியே அடுப்பில் போட்டால் மெல்லிய மடல் சீக்கிரம் காய்ந்து கருகும், தடித்த பகுதி மெதுவாக வேகும். அதனால் பருத்திக் கயிற்றால் விரலளவு இடைவெளியில் இறுக்கிக் கட்டி, உருண்டையாக்கி வைப்பது அவசியம். கடையில் போட்டுத் தரும் மீள்வலையை அப்படியே விட்டால் கறுத்த மேல்தோல் வலையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். வலையைக் கழற்றி, மசாலா தடவி, கயிற்றால் கட்டுவதே நல்லது.

பலம் எங்கே இருக்கிறது? எலும்பு எடுத்த பள்ளத்துக்குள்ளும் மசாலா தடவலாம். 4 கிலோ கறியில் நடுவரைக்கும் உப்பு போவது சாதாரண விஷயமில்லை. தனிக்கறியில் அதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய வசதி, வீட்டுக் கத்தியாலேயே இரண்டாக வெட்டிக்கொள்ளலாம். எலும்போடு இருப்பதை நடுவில் வெட்ட ரம்பம் வேண்டும். தனிக்கறியை இரண்டு துண்டாக்கினால் கனம் குறையும், அதனால் சில மணி நேரம் மிச்சமாகும். மேல்பரப்பு கூடுவதால் கறுத்த 'பார்க்' அதிகம் கிடைக்கும். காலையில் அடுப்பு மூட்டி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பரிமாற நினைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அதே தனிக்கறியை வெட்டாமல் உருண்டையாகச் சுருட்டிக் கட்டினால் நேரம் பெரிசாக மிச்சமாகாது. சூடு உள்ளே போக எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தீர்மானிப்பது முக்கியமாகக் கறியின் கனம்தான். 'எலும்பு இல்லை, அதனால் சீக்கிரம் வெந்துவிடும்' என்று கணக்குப் போட்டு விருந்தாளிகளுக்கு நேரம் சொல்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

திடீரென்று சூடு ஏறாமல் நின்றால்?

எந்தக் கறியை வாங்கினாலும் தப்பிக்க முடியாத ஒரு கட்டம் இருக்கிறது. முதல் சில மணி நேரம் உள்சூடு மளமளவென்று ஏறும். 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கேயோ வந்ததும் அப்படியே நின்றுவிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில சமயம் நான்கு மணி நேரம்கூட முள் நகராது. தெர்மாமீட்டர் ரிப்பேரோ, அடுப்பு அணைந்துவிட்டதோ என்று புதியவர்கள் பதறுவார்கள். பார்பிக்யூக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஸ்டால்'.

காரணத்தை மண்பானையை வைத்தே புரிந்துகொள்ளலாம். பானையின் மேல்பரப்பில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அதனால் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. கறியிலும் அதேதான். உள்ளிருந்து கசியும் ஈரம் மேல்பரப்பில் ஆவியாகி, அடுப்பு கொடுக்கும் சூட்டை ஈடுகட்டிவிடுகிறது. கொழுப்பு உருகுவதால்தான் சூடு நிற்கிறது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் சோதனைகள் செய்து, காரணம் ஆவியாதல்தான் என்று காட்டினார்.

காரணம் தெரிந்தால் தீர்வும் தெரிந்துவிடும். கறியை அலுமினியம் ஃபாயிலில் இறுக்கிச் சுற்றிவிட்டால் ஈரம் ஆவியாக வழியில்லை, சூடு மறுபடி ஏறும். இதற்கு 'டெக்சாஸ் கிரட்ச்' என்று பெயர். 'டெக்சாஸ் ஊன்றுகோல்' என்று வைத்துக்கொள்ளலாம். நேரம் மிச்சமாகும், ஆனால் மேல்தோலின் மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும். அந்தத் தோல் நன்றாகக் கறுத்து ஒட்டிக்கொண்ட பிறகு சுற்றுவதே வழக்கம்.

காசுக்கு எது கட்டுப்படியாகும்?

பொதுவாக எலும்போடு உள்ளதன் விலை குறைவு. எலும்பெடுக்கும் கூலி அதில் இல்லை. ஆனால் எலும்புக்கும் சேர்த்துத்தானே எடை போடுகிறார்கள்? எது லாபம் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

எலும்பின் எடை துண்டுக்குத் துண்டு மாறும். உதாரணத்துக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எலும்போடு உள்ளதன் விலையை 0.9-ஆல் வகுத்தால், சாப்பிடும் கறிக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை வந்துவிடும். பவுண்டுக்கு 2 டாலர் என்று எழுதியிருந்தால், கறிக்கு மட்டும் விழுவது சுமார் 2.22 டாலர். பக்கத்தில் இருக்கும் தனிக்கறி அதைவிடக் கம்மியாக இருந்தால் தனிக்கறி லாபம். கூடுதலாக இருந்தால் எலும்போடு லாபம். மொத்தமாக விற்கும் பெரிய கடைகளில் சில சமயம் தனிக்கறியே மலிவாகக் கிடைப்பதும் உண்டு. விலைச் சீட்டைப் பார்க்காமல் 'எலும்போடுதான் மலிவு' என்று எடுத்துவிடக் கூடாது.

எவ்வளவு வாங்க வேண்டும் என்பதையும் இப்படியே கணக்கிடலாம். வேகும்போது தண்ணீரும் கொழுப்பும் போய் கறி சுருங்கும். 40 சதவீதம் போய்விடும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. ஆளுக்கு 150 கிராம் வெந்த கறி என்றால் 20 பேருக்கு 3 கிலோ வேண்டும். அதற்கு 5 கிலோ தனிக்கறி வாங்க வேண்டும். எலும்போடு என்றால் ஏறக்குறைய ஐந்தரை கிலோ.

பார்பிக்யூ ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள்?

வட கரோலினா மாநிலத்தில் லெக்சிங்டன் என்று ஒரு சின்ன நகரம். சப்பைக்கறி பார்பிக்யூ என்றாலே அமெரிக்கர்களுக்கு இந்த ஊர் பெயர் நினைவுக்கு வரும். மாநிலத்தின் கிழக்குப் பக்கத்தில் முழுப் பன்றியைச் சுடுவது மரபு. லெக்சிங்டனில் சப்பை மட்டும்தான். ஹிக்கரி கட்டைகளை எரித்து, அந்தத் தணலுக்கு மேல் பல மணி நேரம் வாட்டுவார்கள். தொட்டுக்கொள்ள வினிகர், கெச்சப், மிளகாய் கலந்த 'டிப்'. பழக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 'அவுட்சைடு பிரவுன்' என்று தனியாகக் கேட்பார்கள். கறுத்து முறுகிய வெளிப்புறக் கறிதான் அது. 1984-லிருந்து அந்த ஊரில் பார்பிக்யூ திருவிழாவும் நடக்கிறது. அங்கேயும் கேட்டு வாங்கும் ருசி எலும்புக்குப் பக்கத்தில் இல்லை, வெளித்தோலில் இருக்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் 1978-ல் தொடங்கிய 'மெம்பிஸ் இன் மே' பார்பிக்யூ போட்டியில் முழுப் பன்றி, சப்பை, விலா என்று மூன்று முக்கியப் பிரிவுகள். அலபாமாவின் டெகேட்டர் நகரில் 1925-லிருந்து இருக்கும் 'பிக் பாப் கிப்சன்' கடை பலமுறை பட்டம் வென்றது இந்தப் போட்டியில்தான்.

கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி நடத்தும் போட்டிகளின் விதி இன்னும் நேரடியானது. பன்றிக்கறிப் பிரிவில் துண்டை முழுசாகச் சமைக்க வேண்டும், எலும்பு இருக்கலாம், எடுத்தும் இருக்கலாம். நடுவர்கள் தோற்றம், ருசி, மென்மை பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். எலும்புக்கென்று தனி மதிப்பெண் கிடையாது.

அந்தப் போட்டியாளர்கள் கண்ணும் கருத்துமாகப் பாதுகாப்பது வேறொரு இடத்தை. பாஸ்டன் பட்டில் எலும்புக்கு நேர் எதிர்முனையில், கொழுப்பு வரிவரியாக ஓடும் ஒரு உருளைத் தசை இருக்கும். அதன் செல்லப்பெயர் 'மணி மசில்'. பரிசுப் பணம் வாங்கித் தரும் தசை என்று அர்த்தம். எலும்போடு இருக்கும் துண்டில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். எலும்பு தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்தால் போதும்.

பாதுகாப்பு: எதில் கோட்டை விடக் கூடாது?

கறியின் மேல்பரப்பில் கிருமி இருக்கலாம். வெட்டுப்படாத முழுத் துண்டில் அது மேலேயே நிற்கும், அடுப்பின் சூட்டில் முதலில் சாவதும் அதுதான். எலும்பெடுத்துச் சுருட்டிய தனிக்கறியில், வெளியே இருந்த பரப்பு உள்ளே போய்விடுகிறது. கத்தி போன வழியெல்லாம் கிருமியும் போயிருக்கலாம். 90 டிகிரிக்கு மேல் வேகும் புல்டு போர்க்கில் இது பிரச்சினையாகாது. ஆனால் அதே தனிக்கறியைக் குறைந்த சூட்டில் ரோஸ்ட் செய்து துண்டு போட நினைத்தால், நடுப்பகுதியின் சூட்டைக் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும்.

இரண்டு வகைக்கும் பொதுவான விதிகள் இவை:

• உறைந்த கறியை அப்படியே புகையில் போடக் கூடாது. ஃப்ரிட்ஜுக்குள் வைத்து முழுசாக இளகிய பிறகே அடுப்புக்குப் போக வேண்டும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கறி அதிக நேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும்.

• புகை அடுப்பின் உள்சூடு 107 முதல் 149 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை.

• தெர்மாமீட்டர் முனை எலும்பில் படக் கூடாது. பட்டால் கறியின் சூடு சரியாகத் தெரியாது. கறியின் தடித்த நடுப்பகுதியில், எலும்பைவிட்டு விலகிக் குத்த வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் பார்ப்பது இன்னும் நல்லது.

• எலும்பு உருவிக்கொண்டு வந்தாலும் தெர்மாமீட்டரைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். ஊசி, பழுத்த வாழைப்பழத்தில் இறங்குவதுபோல தடையில்லாமல் இறங்க வேண்டும்.

• மிச்சமான கறி 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான் கெடு. ஜூலை மாதத்து கொல்லைப்புற விருந்துக்கு இது ரொம்பவே பொருந்தும்.

கடையில் நிற்கும்போது என்ன பார்க்கணும்?

எலும்போடு வாங்கினால், கொழுப்பு கறிக்குள் கோடு கோடாக ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே மட்டும் தடிமனாகக் கொழுப்பு இருந்து உள்ளே வெறும் சிவப்பாக இருந்தால் வேண்டாம். எலும்பு எவ்வளவு பெரிசு என்பதையும் ஓரத்தில் தெரியும் வெட்டுவாயை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

தனிக்கறி என்றால் வலைக்குள் ஒரே துண்டாக இருக்கிறதா, சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து அடைத்திருக்கிறார்களா என்று அழுத்திப் பாருங்கள். ஆழமான கீறல்கள் நிறைய இருந்தால் விட்டுவிடலாம். கறிக்கடைக்காரரிடம் "எலும்போட இருக்கறதை எடை போட்டு, எலும்பை மட்டும் எடுத்துக் கொடுங்க" என்று கேட்டும் பார்க்கலாம். சில கடைகளில் செய்து தருவார்கள். அப்போது எலும்பையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பது கடைசியில்.

யாருக்கு எது சரி?

முதல்முறை செய்கிறீர்கள், ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது, விலையும் கம்மியாக வேண்டும் என்றால் எலும்போடு வாங்குங்கள். கறி கலையாமல் நிற்கும், பதத்தையும் எலும்பே காட்டிக்கொடுக்கும்.

ஒரே பகலில் முடிக்க வேண்டும், கறுத்த மேல்தோல் அதிகம் வேண்டும், கயிறு கட்டத் தெரியும் என்றால் தனிக்கறியை இரண்டாக வெட்டிச் செய்யுங்கள்.

பார்பிக்யூ அடுப்பு இல்லை, வீட்டு அவனில்தான் செய்யப்போகிறீர்கள் என்றாலும் இதே கணக்குதான். புகை மணம் மட்டும் இருக்காது. தண்ணீரோ ஸ்டாக்கோ ஊற்றி மூடி வேகவைப்பதாக இருந்தால் கணக்கு மாறும். தண்ணீர் வந்துவிட்டால் எலும்பு தன் ருசியைக் கொடுக்க ஆரம்பித்துவிடும், அப்போது எலும்போடு வாங்குவதே நல்லது.

எதை வாங்கினாலும் விருந்து நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கறி வெந்து முடியும்படி திட்டமிடுங்கள். சீக்கிரம் முடிந்தால் கவலை இல்லை. ஃபாயிலில் சுற்றி, பழைய துண்டு ஒன்றைப் போர்த்தி, ஐஸ் இல்லாத ஐஸ்பெட்டிக்குள் வைத்தால் சில மணி நேரம் சூடு குறையாமல் இருக்கும். 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் முடிந்த கறியைக் காத்திருக்க வைக்கலாம், பசியோடு வந்தவர்களைக் காத்திருக்க வைக்க முடியாது.

எலும்பைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். 12 மணி நேரம் புகை குடித்த எலும்பு அது. அமெரிக்காவின் தெற்கு மாநில வீடுகளில் அதைக் குப்பையில் போட மாட்டார்கள். மறுநாள் பீன்ஸ் பருப்பு வேகவைக்கும் பானையிலோ, காலர்ட் கீரை வேகும் பானையிலோ போட்டுவிடுவார்கள். கறிக்கடையில் எடுத்துக் கொடுத்த பச்சை எலும்பையும் கறியோடு புகையில் வைத்தால் இதே மாதிரி பயன்படுத்தலாம்.

அடுப்பில் கறிக்கு உள்ளே இருந்தபோது இறங்காத ருசி, தண்ணீரில் விழுந்த பிறகு தானாக இறங்கும். "எலும்பு இருந்தாத்தான் ருசி" என்று சொன்னவர் சொன்னதும் தப்பில்லை. பானை மட்டும்தான் வேற.